3 லட்சம் ரூபாய் நிதி வருகிறது: 9-ஆம் வகுப்புச் செய்முறை அறிவியலுக்கு எப்படித் திட்டம் எழுதுவது?

கேள்வி: அறிவியல்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. 9, 10 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். 9-ஆம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், 'அ'வில் 38 பேர், 'ஆ'வில் 36 பேர்.

பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனி, சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து எங்கள் பள்ளிக்கு 2 வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டமாக இருக்கக் கூடாது. செய்முறையால் பிள்ளைகளின் கற்றல் கூடியதா இல்லையா என்று கடைசியில் காட்ட வேண்டும். டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) இருக்கும் விரிவுரையாளர் ஒருவர், "செயலாராய்ச்சி மாதிரி எழுதிக் கொண்டு வாங்க டீச்சர், நான் பார்த்துச் சொல்றேன்" என்றார். அதாவது, ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு முறையைச் செய்து பார்த்து, பலனை அளந்து எழுதும் ஆய்வு. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியிலும் இதே போல ஒரு நிதி வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பீரோ, அதில் ரோபோ செய்யும் பெட்டிகள், ஒரு 3டி பிரிண்டர். திறப்பு விழா நன்றாக நடந்தது. சப்ளை செய்தவர்கள் ஒரே ஒரு நாள் வந்து பயிற்சி கொடுத்தார்கள். நான்காவது மாதம் பிரிண்டரின் நாசில் (உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் முனை) அடைத்துக்கொண்டது. போன் செய்தால் வாரண்டியில் வராது என்றார்கள். மாற்று நாசில் வாங்க எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. அடுத்த வருடம் பீரோவைத் திறந்தபோது ரோபோ பெட்டிகளில் இருந்த லித்தியம் பேட்டரிகள் தலையணை போல உப்பியிருந்தன. பிள்ளைகள் கை படக் கூடாது என்று நானேதான் அந்த பீரோவைப் பூட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "டீச்சர், அதை எப்போ எடுப்பீங்க?" என்று ஒரு பையன் வாரம் ஒரு முறையாவது கேட்பான். அவன் 10-ஆம் வகுப்பு முடித்துப் போகும் வரை அந்தப் பூட்டு திறக்கவில்லை. அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் கேட்கிறேன். 3 லட்சத்தில் எதை வாங்கலாம், எதை வாங்காமல் இருக்கலாம்? பொருள் அல்லாத செலவுகளை எழுதினால் ஒத்துக்கொள்வார்களா? அப்புறம், "கற்றல் கூடியது" என்பதை எப்படி அளப்பது? காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை அப்படியே காட்டினால் அது சரியான அளவா? 10-ஆம் வகுப்புக்காவது செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது, எழுத்துத் தேர்வு 75. 9-ஆம் வகுப்பில் அந்த அழுத்தம் இல்லை. அதனால்தான் 9-ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 1: சோல்டரிங்_பையன்

வணக்கம் மேடம். நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு நிதியில் பள்ளிகளில் அமைக்கும் செய்முறைக் கூடம்) இருந்த பள்ளியில் படித்தவன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடித்ததே அங்கேதான், அதனால் ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) நான்கைந்தாவது வாங்குங்கள் என்று சொல்வேன். பெரிய ரோபோ செட் வேண்டாம். தனித்தனியாக சென்சார், எல்.ஈ.டி., பிரெட்போர்டு, ஜம்பர் வயர் வாங்கினால் ஒன்று போனாலும் மற்றது ஓடும். லித்தியம் பேட்டரிக்குப் பதில் சாதாரண செல் போடும் ஹோல்டர் போதும். லேப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த சார் மாறிப் போன வருடம் லேப் கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. பொருள் அப்படியேதான் இருந்தது, ஆள்தான் இல்லை. உங்கள் திட்டத்தில் அதற்கு ஏதாவது வழி செய்யுங்கள் மேடம்.

பதில் 2: கரும்பலகை_84

டீச்சர், நான் முதுகலை இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பூட்டிய பீரோவைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். மேலே தம்பி சொன்னதுதான் விஷயத்தின் பாதி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்: பொருள் வாங்கும் பணத்தைவிட, பொருள் கெட்ட பிறகு தேவைப்படும் பணத்தை முதலில் எழுதுங்கள்.

என் பள்ளிக்கு ஒரு முறை வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் 12 வந்தது. மஞ்சள் நிறத்தில் கடையில் கிடைக்குமே, அந்த விலை குறைந்த வகை. மூன்று மாதத்தில் 9 மீட்டர் 'ரிப்பேர்' என்று அட்டைப்பெட்டிக்குப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை நானும் நாலு பிள்ளைகளும் திருப்புளியோடு உட்கார்ந்தோம். பின்மூடியில் இரண்டு திருகாணி, அவ்வளவுதான். உள்ளே விரல்நுனி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருந்தது. 9-இல் 6 மீட்டருக்கு இதுதான் கோளாறு. மீதி 3-க்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தது. அளந்து முடித்தவர்கள் குமிழை 'ஆஃப்'புக்குத் திருப்பவில்லை.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், ஃபியூஸ் போன மீட்டர் வோல்ட் காட்டுது, கரண்ட் மட்டும் ஏன் காட்டல?" அந்த ஒரு கேள்வியில் ஒரு முழுப் பாடம் இருந்தது. மின்னோட்டம் அளக்கும் நிலையில் குமிழை வைத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராகத் தொட்டிருக்கிறார்கள். அந்த நிலையில் மீட்டருக்கு மின்தடை மிகக் குறைவு, கிட்டத்தட்ட ஒரு கம்பியைக் குறுக்கே போட்ட மாதிரி. மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போனது. வோல்ட் அளக்கும் பாதையில் அந்த ஃபியூஸ் இல்லை, அதனால் அது பிழைத்தது. அம்மீட்டரைத் தொடர் இணைப்பிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் போட வேண்டும் என்று நான் பல வருடம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நாலு பிள்ளைகளுக்கு அதைத் திரும்பச் சொல்லித் தர வேண்டிய அவசியமே வரவில்லை. 6 ஃபியூஸும் 3 பேட்டரியும் என் பாக்கெட்டிலிருந்து வாங்கினேன். சின்னத் தொகைதான். ஆனால் அந்தச் சின்னத் தொகைக்குப் பள்ளியில் செலவுத் தலைப்பு இல்லாததால்தான் 9 மீட்டர் பெட்டிக்குள் கிடந்தது.

நிதி கொடுப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். அடல் டிங்கரிங் திட்டத்தையே உதாரணம் காட்டுங்கள். 2016-இல் நிதி ஆயோக் தொடங்கியது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய், அதில் 10 லட்சம்தான் லேப் அமைக்க. மீதி 10 லட்சம், 5 வருடம் வரை லேப்பை நடத்துவதற்கு. பாதிப் பணம் நடத்துவதற்கு என்று மத்திய அரசுத் திட்டத்திலேயே இருக்கிறதே! உங்கள் 3 லட்சத்திலும் பாதியை அப்படிப் பிரித்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய பாடம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கினார்கள். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நட்புக் கிராம மையம் என்று இரண்டு தன்னார்வ அமைப்புகள் ஆரம்பித்தன. டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் உருவாக்கினார்கள். 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி அதை எடுத்து நடத்தியது. பிள்ளைகள் நாலு பேர் ஒரு குழுவாக உட்கார்ந்து சோதனை செய்து, தாங்களே பார்த்ததை எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மனதில் வரும் கேள்வியை அவருக்குக் கடிதமாக எழுதினால் பதில் வரும்!

30 வருடம் அது ஓடியதற்குக் காரணம் பெட்டிக்குள் இருந்த சாமான் மட்டும் இல்லை. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு 3 வாரப் பயிற்சி. அப்புறம் மாதாமாதம் கூட்டம். இந்த மாதம் எந்தச் சோதனை வேலை செய்யவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றோம் என்று ஆசிரியர்கள் அங்கே மனம் திறந்து பேசினார்கள். 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மிகவும் வருத்தப்பட்டேன். ஆனால் அதில் உருவானவை பரவிவிட்டன. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து வடிவங்கள் கட்டும் வித்தை நம்ம ஊர்ப் பள்ளிகள் வரை வந்திருக்கிறது அல்லவா? எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லித் தரும் அரவிந்த் குப்தா 1978-இல் வேலையிலிருந்து ஒரு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு இதே ஹோஷங்காபாத் போனபோது பிறந்தது அது.

அதனால் உங்கள் திட்டத்தில் ஒரு தலைப்பு கட்டாயம் இருக்கட்டும்: சுற்றியுள்ள நாலைந்து பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் லேப்பில் கூடுவது. பஸ் கட்டணம், டீ, மதியச் சாப்பாடு. குறுவளமையக் கூட்டம் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குத் துறை நடத்தும் கூட்டம்) மாதிரி சுற்றறிக்கை படிக்கும் கூட்டமாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரு சோதனையை ஆசிரியர்களே கையால் செய்து பார்க்கட்டும். நீங்கள் நாளைக்கு மாறுதலில் போனாலும் அந்தச் சாவியை வாங்கத் தயாராக இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

வாங்க வேண்டியதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். டெல்லியில் இருக்கும் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் 'எக்ஸ்பைஸ்' என்று ஒரு சின்னக் கருவி உருவாக்கியிருக்கிறார்கள். அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்தது, வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது. பழைய லேப்டாப்பில் யு.எஸ்.பி. வழியாக மாட்டினால், வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அலைநோக்கி மாதிரி வேலை செய்யும். இரண்டு வாங்குங்கள், ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும். மீதியெல்லாம் உள்ளூரில் வாங்குங்கள், உள்ளூரில் ரிப்பேர் செய்ய முடிகிறதாகப் பாருங்கள்.

அறிவியல்_டீச்சர்

ஐயா, மிகவும் நன்றி. மல்டிமீட்டர் கதையை எங்கள் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பள்ளியிலும் ஒரு பெட்டியில் 5 மீட்டர் இருக்கிறதாம், நாளைக்கே திறந்து பார்க்கலாம் என்றார்! மாதாந்திரக் கூட்டத்தையும் எழுதிவிட்டேன். பராமரிப்புக்கும் தீர்ந்து போகும் பொருளுக்கும் 2 வருடத்துக்கு 80,000, ஆசிரியர் கூட்டத்துக்கு 60,000 போட்டிருக்கிறேன். எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது? 9-இல் காந்தவியலும் மின்காந்தவியலும் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. அளப்பது எப்படி என்பதுதான் இன்னும் புரியவில்லை.

பதில் 3: கற்றல்_ஆய்வு

டீச்சர், நான் கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அளப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலாண்டு மதிப்பெண் வேண்டாம். அதில் மனப்பாடமும் கையெழுத்தும் வருகையும் எல்லாம் கலந்திருக்கும். அந்தப் பாடத்துக்கு மட்டும் 20 சின்னக் கேள்விகள் தயார் செய்யுங்கள். வரையறை கேட்காதீர்கள். "சக்தி வாய்ந்த காந்தம் கம்பிச்சுருளுக்குள் அசையாமல் இருக்கிறது. சுருளில் மாட்டிய எல்.ஈ.டி. எரியுமா? ஏன்?" இப்படிக் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் எரியும் என்பார்கள். "காந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுருளை அசைத்தால்?" என்பது அடுத்த கேள்வி. இதே தாளைப் பாடத்துக்கு முன்னால் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, இரண்டு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முறை கொடுங்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

கணக்கு எளிது. ஒரு பிள்ளை முதலில் 20-க்கு 8, பிறகு 14 என்றால், அவளால் கூட்டியிருக்கக் கூடியது 12, கூட்டியது 6, ஆக 0.5. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அளவைத்தான் பயன்படுத்தியது. அவர் வகுப்புச் சராசரிகளை வைத்துக் கணக்கிட்டார், நீங்களும் பிரிவின் சராசரிக்கு அப்படியே போடலாம். 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள். வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்கள் யோசித்து, தங்களுக்குள்ளும் ஆசிரியரோடும் பேசி, உடனுக்குடன் சரிபார்த்துக்கொண்ட வகுப்புகளில் 0.48, இரண்டு மடங்கு. அவர் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள்: மூளை எப்போதும் வேலை செய்ய வேண்டும், கை பெரும்பாலும் வேலை செய்ய வேண்டும். கை மட்டும் வேலை செய்து, பிள்ளை செய்முறைத் தாளில் இருக்கும் படிகளை வரிசையாக முடித்துவிட்டுப் போனால் அந்த 0.48 உங்களுக்கு வராது. இதை நான் என் மாணவ ஆசிரியர்களிடம் வருடா வருடம் சொல்கிறேன்.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சோதனை தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் என்ன நடக்கும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பென்சில் வேண்டாம், பேனாவில் எழுதட்டும், பிறகு அழித்து மாற்ற முடியாது. அப்புறம் செய்து பார்க்கட்டும். எழுதியதும் நடந்ததும் எங்கே வேறுபட்டது என்று குழுவில் பேசட்டும். அந்தத் துண்டுத்தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள், நிதி கொடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

இரண்டு பிரிவு இருப்பது உங்களுக்கு வசதி. ஆனால் 'ஆ' பிரிவுக்குச் செய்முறையே கிடையாது என்று வைத்துவிடாதீர்கள், அது அந்த 36 பேருக்கும் அநியாயம். காந்தவியல் பாடத்தில் 'அ' பிரிவு துண்டுத்தாள் முறையில் செய்யட்டும், 'ஆ' பிரிவு வழக்கமான முறையில். அடுத்த பாடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு நீங்கள் எதிர்பார்த்த மாதிரி வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள்.

கரும்பலகை_84

காந்தவியல் நல்ல தேர்வு டீச்சர். கம்பிச்சுருளுக்காக வெளியூர் கம்பெனியைத் தேட வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய், ஒன்றரை விரல் அகல பி.வி.சி. குழாயில் மெல்லிய இனாமல் கம்பி 1,500 சுற்று சுற்றித் தரச் சொல்லுங்கள். சுற்றை எண்ணும் மெஷின் அவர்களிடம் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மின்காந்தவியலை வைத்துப் பிழைப்பவர் கையால் அதைப் பார்க்கட்டும். நியோடிமியம் வில்லைக் காந்தம் நாலைந்தை ஒன்றாக ஒட்டிக் குழாய்க்குள் போடுங்கள். கீழே பஞ்சு வைக்க மறக்காதீர்கள், அந்தக் காந்தம் விழுந்தால் உடைந்துவிடும்.

அறிவியல்_டீச்சர்

திட்டம் அனுப்பிவிட்டேன், முடிவு அடுத்த மாதம் தெரியும். ஆனால் காத்திருக்க மனம் வரவில்லை. சுருள் சுற்றியாகிவிட்டது. ரீவைண்டிங் கடை அண்ணன் கம்பிக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வேண்டாம் என்றார். பக்கத்துக் கல்லூரியிலிருந்து எக்ஸ்பைஸ் ஒன்று ஒரு வாரத்துக்கு இரவல் கிடைத்தது.

நேற்று 9 'அ'வில் சுருளை எக்ஸ்பைஸில் மாட்டி வைத்துவிட்டு, துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன்: காந்தம் குழாய் வழியாக விழுந்தால் திரையில் என்ன வரும்? வரைந்து காட்டுங்கள். 38 பேரில் 31 பேர் ஒரே ஒரு மேடு வரைந்திருந்தார்கள். 5 பேர் இரண்டு மேடு, இரண்டும் மேல் பக்கம். 2 பேர் ஒன்றும் வராது என்றார்கள். காந்தத்தைப் போட்டோம். முதலில் மேலே ஒரு மேடு, உடனே கீழே ஒரு பள்ளம். வகுப்பே அமைதியாகிவிட்டது. "மறுபடி போடுங்க டீச்சர்" என்றார்கள். ஆறு முறை போட்டோம். காந்தத்தைத் தலைகீழாகப் போட்டதும் பள்ளம் முதலில் வந்தது, மேடு பின்னால் வந்தது.

காந்தம் உள்ளே வரும்போது ஒரு திசை, வெளியே போகும்போது எதிர்த் திசை என்பதைக் குழுவாகப் பேசிப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். நான் மணி அடிக்கப் போகிறது என்று தாள்களை வாங்க ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். வகுப்பில் இதுவரை தானாக எழுந்து பேசாதவள். பென்சிலால் மேட்டையும் பள்ளத்தையும் அளந்து பார்த்துவிட்டு, "டீச்சர், ரெண்டாவது பெருசா இருக்கு, ஆனா ஒல்லியா இருக்கு. கீழ வர வர வேகம் கூடுது இல்ல, அதனாலயா?" என்றாள்.

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சோதிக்கலாம் என்று கேட்டேன். இன்னும் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம் என்றாள். திங்கட்கிழமை அதற்காக 60 சென்டிமீட்டர் குழாய் ஒன்று வாங்கி வர வேண்டும். ஐயா, அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் காந்தம் உடையாமல் இருக்கப் பஞ்சு போதுமா, வேறு ஏதாவது வைக்க வேண்டுமா?

கரும்பலகை_84

பஞ்சு போதாது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து, அதன் மேல் பஞ்சை வையுங்கள். காந்தங்களைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். அந்தப் பெண்ணின் துண்டுத்தாளைத் தனியாக எடுத்து வையுங்கள் டீச்சர். திங்கட்கிழமை என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.